மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027: உள்ளாட்சியின் உழைப்பு எங்கே போக வேண்டும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு, எவ்வளவு சரியாக எண்ணியிருக்கிறோம் என்று பார்க்க மாதிரிப் பகுதிகளில் ஒரு மறு ஆய்வு நடத்தினார்கள். நாடு முழுவதற்குமான கணக்கில் ஆயிரம் பேருக்கு 23 பேர் விடுபட்டிருந்தார்கள். முந்தைய 2001 கணக்கெடுப்பிலும் ஏறக்குறைய இதே அளவுதான். 121 கோடி மக்கள்தொகையில் இது 2.8 கோடி பேர் அளவுக்குப் போகிறது. இருபதாயிரம் பேர் வாழும் ஒரு பேரூராட்சியில் இதே விகிதத்தில் விடுபட்டால் 460 பேர். நூறு குடும்பத்துக்கு மேல்.

அந்த நூறு குடும்பமும் ஊரின் தண்ணீரைத்தான் குடிக்கிறது, ஊரின் தெருவில்தான் குப்பை போடுகிறது. ஆனால் அவர்களுக்கென்று பணம் வராது. 15-ஆவது நிதிக்குழு உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது மக்கள்தொகைக்கு 90 சதவீத எடையும் பரப்பளவுக்கு 10 சதவீத எடையும் கொடுத்தது. உள்ளாட்சியில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எத்தனை இடம் ஒதுக்குவது என்பதும் இந்த எண்களிலிருந்துதான் வருகிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காமல் போனதால், 2011-இல் விடுபட்டவர்கள் இன்றுவரை விடுபட்டவர்களாகவே இருக்கிறார்கள்.

அடுத்த கணக்கெடுப்பு இரண்டு கட்டம். முதலில் வீட்டுப் பட்டியல்: 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் ஒவ்வொரு மாநிலமும் தேர்ந்தெடுக்கும் 30 நாட்கள். பிறகு 2027 பிப்ரவரியில் ஆட்களை எண்ணுவது. மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு 12 மணிதான் குறிப்பு நேரம், அதாவது அந்த நேரத்து நிலைதான் கணக்கில் நிற்கும். இந்த முறை தாள் படிவம் போய் செல்போன் செயலி வந்திருக்கிறது, சாதியும் கேட்கப்படுகிறது.

நடத்துவது ஒன்றிய அரசு. ஆனால் 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தில் 4-ஏ என்ற பிரிவு உண்டு. எழுத்து மூலம் ஆணை வந்தால் உள்ளாட்சிகள் தங்கள் ஊழியர்களைத் தர வேண்டும் என்கிறது அது. பெரும்பாலான உள்ளாட்சிகள் இதோடு தங்கள் கடமை முடிந்தது என்று நினைக்கின்றன. ஆளைக் கொடுத்தோம், ஒரு பேனர் கட்டினோம், போதும் என்று. அந்த ஆணைக்கு அப்பால், தன் விருப்பத்தில் ஒரு ஊராட்சியோ நகராட்சியோ என்ன செய்யலாம், எதை முதலில் செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். முடிவெடுப்பவர் தலைவரானாலும் தனி அலுவலரானாலும் கேள்வி மாறப்போவதில்லை.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. விளம்பரம் செய்வது. மக்கள் தாங்களே இணையத்தில் விவரம் பதிய உதவுவது. வீடுவீடாக வரும் கணக்கெடுப்பாளருக்குத் துணை நிற்பது. விடுபட வாய்ப்புள்ள வீடுகளை முன்கூட்டியே தேடிக் கண்டுபிடித்துச் சொல்வது. எல்லாவற்றையும் செய்யலாமே என்று தோன்றும். ஒரு செயலரையும் சில தூய்மைக் காவலர்களையும் குடிநீர்த் தொட்டி இயக்குபவர்களையும் வைத்துக்கொண்டு ஓடும் ஊராட்சியால் அது முடியாது. எனவே வரிசை முக்கியம். என் வரிசையில் நான்காவது வழி முதலில் வருகிறது, விளம்பரம் கடைசியில்.

விளம்பரம் எங்கே உதவும்?

விளம்பரத்துக்கு ஆதரவாக அமெரிக்காவைக் காட்டுவார்கள். 2020 கணக்கெடுப்புக்காக கலிபோர்னியா மாநிலம் தன் சொந்தப் பணத்தில் 18.7 கோடி டாலரை மக்களைத் தேடிச் சென்று சொல்வதற்கு ஒதுக்கியது. டெக்சாஸ் மாநில அரசு அப்படி எதுவும் ஒதுக்கவில்லை. பின்னால் நடந்த மறு ஆய்வில் டெக்சாஸில் 1.92 சதவீதம் பேர் விடுபட்டது தெரிந்தது. கலிபோர்னியாவில் குறிப்பிடும்படியான விடுபடல் இல்லை. இதுவரை வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் இல்லினாயும் கோடிக்கணக்கில் செலவழித்தது, அங்கே 1.97 சதவீதம் விடுபட்டது. அதோடு, அங்கே வீட்டுக்குக் கடிதம் வரும், மக்களே பதில் அனுப்ப வேண்டும், அனுப்பாதவர் வீட்டுக்குத்தான் ஆள் வருவார். அந்த ஏற்பாட்டில் மக்களைத் தூண்டுவதற்கு மதிப்பு அதிகம். நம் ஊரில் ஆள் வாசலுக்கே வருகிறார். வாசல் இருப்பது அவருக்குத் தெரியாமல் போவதுதான் நம் சிக்கல். தெரியாத வாசலுக்கு எந்த ஃபிளெக்ஸும் வழி காட்டாது.

விளம்பரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயம் இருக்கும் இடத்தில் பேச்சு தேவை. 2020-இல் தேசிய மக்கள்தொகைப் பதிவேடு பற்றிய சர்ச்சைக்குப் பிறகு, கையில் பட்டியலோடு வரும் யாரைப் பார்த்தாலும் சில தெருக்களில் தயக்கம் வந்தது. அதற்கு மருந்து ஒலிபெருக்கி ஆட்டோ கிடையாது. ஜமாத்தில், தேவாலயத்தில், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்து, சட்டத்தின் 15-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று விளக்குவதுதான். தனி ஒருவர் சொன்ன விவரத்தை யாரும் பார்வையிட முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்க முடியாது என்கிறது அந்தப் பிரிவு. செலவு இல்லாத விளம்பரம் இது. ஊரக உள்ளாட்சிகளுக்கு நாளும் கைகொடுக்கிறது: ஜனவரி 26 கிராம சபை, எண்ணும் மாதத்துக்குச் சற்று முன்னால் வருகிறது.

தாங்களே பதிவது

சுய கணக்கெடுப்பு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கணக்கெடுப்பாளர் வருவதற்கு முன்பே இணையத்தில் விவரங்களைப் பதிந்தால் ஒரு எண் கிடைக்கும். அவர் வரும்போது அதைக் காட்டினால் சரிபார்த்துக்கொள்வார். கணவனும் மனைவியும் காலையில் கிளம்பி இரவு திரும்பும் வீடுகளுக்கும், வாசல் காவலரைத் தாண்டி யாரையும் உள்ளே விடாத அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் இது நல்ல ஏற்பாடு. பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு ஊராட்சி, குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டு இதை ஊக்குவித்தால் கணக்கெடுப்பாளருக்கு நிறைய நேரம் மிச்சமாகும்.

ஆனால் இந்த வழி எண்ணுவதற்கு ஏற்கெனவே சுலபமானவர்களை இன்னும் சுலபமாக்குகிறது, அவ்வளவுதான். செங்கல் சூளையில் இருக்கும் குடும்பம் இதில் வராது. இ-சேவை மையத்தில் உதவி மேசை போடலாம் என்று ஒரு யோசனை உண்டு. போடலாம், உட்காருபவர் யாருடைய விவரத்தையும் தன் நோட்டில் எழுதி வைக்கக் கூடாது, வங்கிக் கணக்கோ ஏடிஎம் விவரமோ கணக்கெடுப்பில் கேட்கப்படாது என்று அங்கேயே எழுதி ஒட்ட வேண்டும். இந்த நேரத்தில் மோசடிப் பேர்வழிகளும் கிளம்புவார்கள்.

இன்னொரு ஆபத்து இரட்டைப் பதிவு. திருநெல்வேலியில் இருக்கும் அம்மா, சென்னையில் வேலை பார்க்கும் மகனையும் தன் வீட்டுக் கணக்கில் சேர்த்துவிடுவார். மகன் தன் அறையிலிருந்து தன்னைப் பதிந்திருப்பான். எண்ணும் நாட்கள் முழுக்க ஒருவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அவரை எண்ண வேண்டும், சொந்த ஊரில் அல்ல. இந்த ஒரு விதியைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தாலே உதவி மேசைக்கு ஒரு பலன் இருக்கிறது.

வருபவருக்குத் துணை

கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். ஒருவருக்கு ஒரு பிளாக், அதாவது அவர் எண்ண வேண்டிய பகுதி. சுமார் 650 முதல் 800 பேர் வரை இருப்பார்கள். பிப்ரவரி மாதம் மேல்நிலைப் பள்ளிகளில் செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வு ஆயத்தமும் நடக்கும் காலம். அவர் பள்ளி முடிந்து மாலையில் வருவார், இல்லையென்றால் ஞாயிறு வருவார். பலர் பெண்கள். தெரியாத தெருவில் இருட்டிய பிறகு ஒரு ஆசிரியை தனியாகக் கதவு தட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால், கடைசி ஐந்தாறு வீடுகள் எப்படி எண்ணப்படும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதிவிட்டுப் போகத்தான் தோன்றும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உள்ளாட்சி இங்கே செய்யக்கூடியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். அந்த மாதம் தெருவிளக்கு எரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊராட்சி அலுவலகம் திறந்திருக்க வேண்டும். அதில் சுத்தமான கழிப்பறையும் குடிதண்ணீரும் செல்போன் சார்ஜ் போட ஒரு இடமும் இருக்க வேண்டும். செயலியில்தான் வேலை என்பதால் செல்போன் அணைந்தால் அன்றைய வேலையும் அணைந்துவிடும். தெரு தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும்.

அந்த வழிகாட்டி யார் என்பதில் கவனம் வேண்டும். அவர் வாசல் வரைக்கும் வந்து, அறிமுகம் செய்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இந்த முறை சாதி கேட்கப்படுகிறது. ஊர்ப் பெரியவரோ வார்டு உறுப்பினரின் ஆளோ பக்கத்தில் நின்றால், கலப்பு மணம் செய்த தம்பதி என்ன சொல்வார்கள்? மாற்றுத்திறன் பற்றிய கேள்விக்கு ஒரு தாய் என்ன பதில் சொல்வாள்? கணவன் பெயரைச் சொல்லப் பெண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1948-இலேயே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். சொல்பவரின் கூச்சத்துக்கு அந்த அளவுக்கு மதிப்புக் கொடுத்த சட்டம் அது. அங்கன்வாடிப் பணியாளரும் தூய்மைக் காவலரும் நல்ல வழிகாட்டிகள். அங்கன்வாடிப் பணியாளருக்கு எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதும் தெரியும். பெயர் வைக்காத குழந்தையை ‘ஆள்’ என்று சேர்த்துச் சொல்ல மறப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது.

வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது

இந்த வழிக்கு முதலிடம் கொடுத்ததன் காரணம் எளிமையானது. இதை வேறு யாராலும் செய்ய முடியாது. விளம்பரத்தை ஒன்றிய அரசும் செய்யும், இணையதளத்தை அவர்கள்தான் நடத்துகிறார்கள், ஆசிரியருக்கு மதிப்பூதியம் அவர்கள் தருகிறார்கள். ஆனால் ஏரிக்கரைக்குப் பின்னால் புறம்போக்கில் ஒன்பது இருளர் குடிசைகள் இருப்பது டெல்லிக்குத் தெரியாது, சென்னைக்கும் தெரியாது. அங்கே தண்ணீர் லாரி அனுப்பும் ஊராட்சிக்குத் தெரியும்.

வீடுகள் எங்கே தொலைகின்றன? எல்லையில் தொலைகின்றன. தமிழ்நாட்டில் 2021-இல் தாம்பரம், காஞ்சிபுரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி மாநகராட்சிகளும் 2024-இல் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி மாநகராட்சிகளும் வந்தன. பல இடங்களில் சுற்றியிருந்த ஊராட்சிகள் இணைந்தன. கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31-இல் இருந்த நிர்வாக எல்லைகள் அப்படியே நிறுத்தப்பட்டன. காகிதத்தில் எல்லை உறைந்துவிட்டாலும், அந்தத் தெரு இப்போது எந்த வார்டு என்பதில் ஊழியர்களுக்கே குழப்பம் இருக்கும். இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே ஒரு சந்து இருந்தால், இருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

அப்புறம், கட்டடத்துக்குள்ளேயே தொலைகின்றன. முன்னால் ஒரு கதவு, பின்னால் நான்கு குடித்தனம். மொட்டை மாடி ஆஸ்பெஸ்டாஸ் அறை. பாதி கட்டிய அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வாட்ச்மேன் குடும்பம். வயல் நடுவே மோட்டார் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள். பிப்ரவரியில் செங்கல் சூளைகளில் வேலை மும்முரமாக இருக்கும், கரும்பு வெட்டுபவர்கள் ஊர் ஊராகக் கூடாரம் போட்டிருப்பார்கள்.

உள்ளாட்சியிடம் இதற்கெல்லாம் பட்டியல் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. சொத்து வரிப் பதிவேடு கட்டடத்தை எண்ணும், அதற்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்று சொல்லாது. ஒரே மின் இணைப்பில் ஆறு குடித்தனம் இருக்கும். குடும்ப அட்டைப் பட்டியலில் பத்து வருடத்துக்கு முன் ஊரை விட்டுப் போனவர் இருப்பார், போன மாதம் ஒடிசாவிலிருந்து வந்தவர் இருக்க மாட்டார். கிராமங்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் பட்டியல் ஒன்று இருக்கும், மணமான ஒவ்வொரு ஆணும் அதில் பதிவாகியிருப்பார். துல்லியமானதுதான். ஆனால் வாடகைக்கு வந்தவர், வேற்று சாதியார், காலனித் தெரு, தனியாக வாழும் பெண் எல்லாரும் அதற்கு வெளியே. ஊருக்குத் தெரியும் என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, எந்த ஊருக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இத்தனையிலும் தினமும் வாசல் வாசலாகக் குப்பை வாங்கும் தூய்மைக் காவலரின் நினைவுதான் எனக்கு நம்பகமானதாகத் தோன்றுகிறது. அவரை உட்காரவைத்து, தெருத் தெருவாகச் சொல்லச் சொல்லி, மற்ற பட்டியல்களோடு ஒப்பிட்டால் ஒரு சிறிய ஊராட்சிக்கு நல்ல இடப் பட்டியல் கிடைத்துவிடும். அந்த வேலைக்கு அவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

இந்த வழியிலும் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன.

ஒன்று, உள்ளாட்சியே வரி போடும் அமைப்பு. மாடியில் அறை கட்டி வடமாநிலத் தொழிலாளர்களுக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர், ஊராட்சி ஆள் வந்து கேட்டால் உண்மையைச் சொல்வாரா? சொத்து வரி ஏறும், அனுமதி இல்லாத கட்டடம் என்று நோட்டீஸ் வரும் என்று பயப்படுவார். தொழிலாளர்களைக் கூட்டிவந்த மேஸ்திரியும் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் சொல்வார். அதனால் பட்டியல் எடுக்கத் தொடங்கும் முன்பே, இதில் வரும் எந்தத் தகவலையும் வரி விதிப்புக்கோ ஆக்கிரமிப்பு அகற்றவோ பயன்படுத்த மாட்டோம் என்று தீர்மானம் போட்டு, அதை ஊரறியச் சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். அமெரிக்காவில் 1994-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, கணக்கெடுப்புத் துறையின் முகவரிப் பட்டியலை உள்ளாட்சிகள் முன்கூட்டியே பார்த்துத் திருத்த வழி செய்தார்கள். பட்டியலைப் பார்ப்பவர்கள் அதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் அந்த அனுமதி. இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் உதவ வரும் உள்ளாட்சி, உதவாமல் இருப்பதைவிட அதிகக் கெடுதல் செய்துவிடும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இரண்டாவது, கூட்டிக் காட்டும் ஆசை. எண்ணிக்கை கூடினால் நிதி கூடும், இடங்கள் கூடும். நாகாலாந்தில் 1991-க்கும் 2001-க்கும் இடையே மக்கள்தொகை 64.5 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. யாராலும் நம்ப முடியவில்லை. மாநில அரசே அதை ஏற்கவில்லை. 2011-க்கு முன் அரசும் கிராமத் தலைவர்களும் பொது அமைப்புகளும் கூடிப் பேசி, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று ஊர் ஊராக எடுத்துச் சொன்னார்கள். அந்த ஆண்டு வளர்ச்சி மைனஸ் 0.58 சதவீதம் என்று வந்தது: 19.90 லட்சத்திலிருந்து 19.79 லட்சம். உள்ளாட்சியும் சமூகமும் சேர்ந்து கணக்கைத் திருத்திய உதாரணம் என்றால் இந்தியாவில் எனக்கு முதலில் நினைவு வருவது இதுதான், அதுவும் எண்ணிக்கை குறையும் திசையில். எனவே ஒரு கண்டிப்பான விதி வைத்துக்கொள்ளலாம்: உள்ளாட்சி இடங்களின் பட்டியலைக் கொடுக்கலாம், ஆட்களின் பட்டியலைக் கொடுக்கவே கூடாது. “சூளைக்குப் பின்னால் பன்னிரண்டு குடிசைகள் இருக்கின்றன” என்பது உதவி. “அங்கே அறுபது பேர், இந்தாருங்கள் பெயர்கள்” என்பது குறுக்கீடு.

எந்த ஊருக்கு எது

ஒரு சாதாரண கிராம ஊராட்சிக்கு என் பரிந்துரை: இடப் பட்டியல், வழிகாட்டி, ஒரு கிராம சபை. மற்றதைத் தொட வேண்டாம்.

திருப்பூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போன்ற தொழிற்பகுதிகளில் கணக்கு மாறுகிறது. பிப்ரவரி முழுக்க அங்கே தங்கி வேலை செய்யும் பிகார் தொழிலாளியை அங்கேதான் எண்ண வேண்டும். அவரோ “எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்” என்பார்; வீட்டில் உள்ளவர்களும் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். இங்கே உள்ளாட்சிப் பணத்தில் ஒரு பகுதியை இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசும் ஆட்களை ஷிப்ட் முடியும் நேரத்தில் விடுதி விடுதியாக அனுப்பச் செலவிடுவேன். தொழிலாளர்களிலேயே அதற்கு ஆள் கிடைக்கும். அந்தத் தொழிலாளி குடிக்கும் தண்ணீரையும் போடும் குப்பையையும் அடுத்த பத்து வருடம் சுமக்கப்போவது அந்த ஊராட்சிதான்.

சென்னை மாதிரிப் பெருநகரத்தில் நான்கு வழிகளும் தேவை. அங்கே பணமும் ஆளும் இருக்கிறது. வீடற்றவர்களை எண்ணும் இரவு மட்டும் தனித் திட்டம் கேட்கிறது: 2011-இல் அது பிப்ரவரி 28 இரவு நடந்தது. பாலத்தடியிலும் கோயில் வாசலிலும் மருத்துவமனை வளாகத்திலும் யார் எங்கே படுக்கிறார்கள் என்பது மாநகராட்சியின் இரவுக் காப்பகப் பணியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த இரவில் கணக்கெடுப்பாளரோடு அவர்கள் நடக்க வேண்டும்.

எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு வேலை கடைசியில் வருகிறது. 2011-இல் எண்ணி முடித்த பிறகு மார்ச் 1 முதல் 5 வரை ஒரு திருத்தச் சுற்று இருந்தது. பிறப்பு, இறப்பு, புதிதாக வந்தவர்களைச் சேர்ப்பதற்காக. விடுபட்ட வீட்டைச் சொல்வதற்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று சொல்ல வருபவர் யாரிடம் போவார்? ஊரகத்தில் பொறுப்பு அலுவலர் வட்டாட்சியர், தாலுகா அலுவலகம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அந்த நாட்களில் ஊராட்சி அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து, வந்து சொல்பவரின் தெருவையும் கதவு எண்ணையும் மட்டும் குறித்துக்கொண்டு, அன்றன்றே மேற்பார்வையாளருக்குப் போன் செய்து சொல்லலாம். அந்த ஒருவரின் பெயரையும் போன் எண்ணையும் ஜனவரி 26-ஆம் தேதியே ரேஷன் கடைச் சுவரில் எழுதி வைத்துவிடலாம்.